அடுப்பு மேடையின் உயரம்

என் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். அவள் சமைத்த மேடையின் உயரம் 3 அடி. இரண்டுக்கும் நடுவில் 23 வருடம் ஒரு மணைப்பலகை கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் எங்களுக்குச் சோறு வடித்தாள். பாளையங்கோட்டையில் மகள் வீட்டின் உள்வேலை நடந்த பதினொரு மாதமும் அந்த மணை என் கண்ணிலேயே நின்றது.

2023 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். 36 வருடம் அறிவியல் டீச்சர். அதே மாதம்தான் மகள் வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபிறகு, பிள்ளையை ஊரில் வளர்ப்போம் என்று முடிவெடுத்துத்தான் இந்த வீட்டைத் தொடங்கினார்கள். "அத்தை, தினமும் ஒரு நடை போய்ப் பாத்துக்கிட்டா போதும்" என்றார் மாப்பிள்ளை. நான் போனேன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

அஸ்திவாரம் தோண்டும்போதும் நிலை வைக்கும்போதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். தளம் போட்ட அன்று கேசரி கொடுத்தோம். அதோடு வருகை நின்றது. சுவர் நின்றுவிட்டால் வீடு முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் நாம் வாழப்போவது சுவருக்கு உள்பக்கம். கை எங்கே எட்டும், கால் எங்கே வழுக்கும், ராத்திரி எழுந்தால் சுவிட்சுக்குக் கை எங்கே தடவும் என்பதெல்லாம் தளத்துக்குப் பிறகுதான் முடிவாகிறது. அந்த நேரத்தில் பார்க்க ஆளில்லாத வீட்டை வேலைக்காரர்கள் தங்கள் வசதிக்கு முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? கேட்க ஆளில்லாவிட்டால் யாரைக் கேட்டு வைப்பார்கள்?

*

அப்பா கட்டிய வீடு அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறது. 1976-இல் கட்டியது. எனக்கு அப்போது 13 வயது. இன்டீரியர் என்ற சொல்லையே அந்த ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சுவர் முடிந்ததும் ஆசாரி வந்து திண்ணையில் உட்கார்ந்தார், மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. செங்கோட்டையிலிருந்து லாரியில் மரம் வந்தது. நிலைக்குத் தேக்கு, கதவுக்கு அயினி, மற்றதுக்கெல்லாம் எங்கள் தோட்டத்துப் பூவரசு. வாச்சி, உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, இவ்வளவுதான் அவர் கருவிகள். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் சீவலை அம்மா அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போவாள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுச் சோற்றில் தேக்கு வாசம் இருந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம். அதற்குள்ளேயே குடைவு விட்டுக் கட்டி, பலகை பொருத்தினால் அலமாரி. அடுக்களை அலமாரிக்குத் தட்டு வைக்கும் அன்று ஆசாரி அம்மாவைக் கூப்பிட்டார்.

"மதினி, இங்க வாங்க. கைய மேல நீட்டுங்க."

அம்மா கூச்சப்பட்டுக்கொண்டே நீட்டினாள். விரல்நுனி தொட்ட இடத்தில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு கோடு.

"மேல் தட்டு இதுக்கு மேல போகப்பிடாது. எட்டாத தட்டு பல்லி முட்டையிடத்தான் ஆகும்."

பிறகு அம்மாவைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபடி கையை நீட்டும்போது எட்டுகிற இடத்தில் புளிப்பானைக்கும் உப்புச் சாடிக்கும் தட்டு. கடைசியில் என்னை நிறுத்தி, என் புஸ்தகங்களுக்கு ஒரு தட்டு. "இது வளரும், அதனால கொஞ்சம் மேல வைக்கேன்" என்றார்.

அவரிடம் ஒரு முழக்கோல் இருந்தது. தச்சு முழம் 33 அங்குலம். அதை 24 பாகமாகப் பிரித்துக் கோடு கீறியிருக்கும். ஒரு பாகம் 1⅜ அங்குலம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் முழம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். என் கையை வைத்துப் பார்த்தால் கோலில் பாதிதான் வந்தது. ஏன் என்று கேட்டேன். "இது வீட்டுக்கு முழம், பாப்பா. அலமாரிக்கு உங்க அம்மா கைதான் முழம்" என்றார். அவர் பெரிய தத்துவமாக நினைத்து அதைச் சொல்லவில்லை. தொழிலில் இருக்கிற ஒரு விதியைச் சொன்னார். எனக்கு அது புரிய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

தரைக்குக் கொத்தனார் இரண்டு பேர் வந்தார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எல்லாரும் போட்டது ரெட் ஆக்ஸைடு தரை. அடியில் ஜல்லி, அதன்மேல் சிமெண்டுச் சாந்து, அது இறுகும் முன் சிவப்புப் பொடி கலந்த சிமெண்டுப் பால். ஒரு அறையைத் தொடங்கினால் அன்றைக்கே முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டு தெரியும். கரண்டியால் இழுத்து இழுத்து, கிட்டத்தட்ட முகம் தெரியும்வரை தேய்த்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த இரண்டு பேரும் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசல்வரை வந்து வெளியே இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் குளம். தண்ணீர் வடிந்தபிறகு அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தாள். அந்தத் தரை இன்றைக்கும் கிடக்கிறது. ஒரு மூலையில் விரிசல் உண்டு. சித்திரை வெயிலில் அதில் படுத்தால் முதுகு குளிர்கிறது.

அந்த வீட்டைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு வாய் வரும். ஆனால் கழிப்பறை தொழுவத்துக்கும் அப்பால் இருந்தது. பின்வாசலிலிருந்து நாற்பது எட்டு. ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போவேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவள் கைக்கு எட்டும்படி தட்டு வைத்த அதே வீட்டில், அவள் காலுக்கு எட்டும்படி ஒரு கழிப்பறை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் அது கூடாது என்றார்கள். பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

1989-இல் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது. அதுவரை அம்மா மண் அடுப்பில் உட்கார்ந்து சமைத்தாள். புகையில் கண் எரிந்து, கண்ணில் நீர் வடியும். கேஸ் வந்தால் அந்தத் துயரம் தீரும் என்று நான்தான் பதிவு செய்யச் சொல்லி அப்பாவை விரட்டினேன். அடுப்பை நின்றுகொண்டு எரிக்க மேடை வேண்டும். ஊர்க் கொத்தனார் வந்தார். இரண்டு பக்கம் செங்கல் நிறுத்தி, மேலே கடப்பைக் கல் போட்டார். உயரம் எவ்வளவு வைக்க என்று அவர் யோசித்தபோது அளந்தது சிலிண்டரை. 14.2 கிலோ சிலிண்டரை மேடைக்கு அடியில் நிறுத்தி, ரெகுலேட்டர் மாட்டி, அதைத் திருகக் கை நுழைய இடமும் விட்டு, "மூணடி இருந்தா சரியா இருக்கும்" என்றார். அவர் ஆறடி ஆள். தானே மேடையில் கை ஊன்றிப் பார்த்தார். அவருக்குச் சரியாக இருந்தது.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள், காபித் தம்ளரோடு. அவளை ஒருவரும் அளக்கவில்லை. 26 வயதில் ஆசிரியை வேலையில் இருந்த எனக்கும் தோன்றவில்லை. மூன்றடி மேடை, அதன்மேல் அடுப்பு, அதன்மேல் சோற்றுப் பானை. பானையின் வாய் அம்மாவின் தோளுக்கு நேராக நின்றது. உள்ளே என்ன வேகிறது என்று பார்க்கக் குதிகாலை உயர்த்துவாள். ஒரு வாரத்தில் பூஜை மணையை எடுத்துக் கீழே போட்டு ஏறி நின்றாள். அவள் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "புகை இல்லல்லா, அது போதும்" என்பாள். கடைசிப் பத்து வருடம் வலது தோள் தூக்க முடியாமல் போயிற்று. அகப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

*

பாளையங்கோட்டை வீட்டின் கூடம் உள்ளளவு 11-க்கு 16. மனையடி பார்த்து வைத்தது. இந்தத் தலைமுறைக்கும் அதில் பயம் போகவில்லை. 12 அடி ஆகாது என்று மாப்பிள்ளையின் அப்பா உறுதியாக இருந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கினால் ஒரு நன்மை நடந்தது. பூச்சு ஏறினபின் உள்ளளவு சரியாக நிற்க வேண்டும் என்பதால் மேஸ்திரி ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பூச்சுக்கு விட்டு, தூக்குக்குண்டும் மூலைமட்டமும் பிடித்து ஒழுங்காகக் கட்டினார். அடுக்களைக்கு மனையடி கேட்பாரில்லை. அங்கே மூலை முக்கால் அங்குலம் விலகிவிட்டது.

விலகியது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய ஆசாரி சுவருக்கேற்பப் பலகையை இழைப்பார். சுவர் கோணினால் பலகையும் அதோடு கோணும், கண்ணுக்குத் தெரியாது. இப்போது பெட்டிகள் வெளியூர்ப் பட்டறையில் இயந்திரத்தில் அறுபட்டு, ஓரத்தில் பட்டை ஒட்டி, அட்டைப் பெட்டியில் வருகின்றன. அவை துல்லியமான சதுரம். கோணல் சுவர் முன்னால் சதுரப் பெட்டியை நிறுத்தினால் சுவரின் குற்றம் முழுவதும் ஒரு இடைவெளியாக வெளியே தெரியும். பூச்சு வேலையின்போதே சமையலறை மூலையில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள் என்று வீடு கட்டும் எல்லாரிடமும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பூச்சுக்கு முன் நான் செய்த ஒரு காரியம் மட்டும் எனக்கே நிறைவாக இருக்கிறது. சுவரைக் கொத்தி வயர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்து முடித்த அன்று, மறுநாள் பூச ஆள் வருகிறது என்றார்கள். அன்று சாயங்காலம் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. தரையிலிருந்து செங்குத்தாக ஒரு டேப்பையும், மூலையிலிருந்து படுக்கையாக இன்னொன்றையும் பிடிக்கச் சொல்லி, எண்கள் தெரியும்படி எடுத்தேன். மொத்தம் 214 படம். 1976-இல் வயரிங் எல்லாம் சுவருக்கு மேலேயே ஓடியது. மரச்சட்டம், அதன்மேல் தகரக் கிளிப், எங்கே போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். பழுதானால் அந்த இடத்தைப் பார்த்தாலே போதும். இப்போது எல்லாம் சுவருக்குள் புதைந்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டின் நரம்பு எங்கே ஓடுகிறதென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. எட்டு மாதம் கழித்துத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வந்தவர் குளியலறையை ஒட்டிய சுவரில் டிரில்லை வைத்தார். பொறுங்கள் என்று சொல்லி 97-ஆவது படத்தைத் திறந்து காட்டினேன். அவர் டிரில் வைத்த இடத்துக்கு நேர் உள்ளே வெந்நீர்க் குழாய். நான்கு விரல் தள்ளி ஓட்டை போட்டார்.

டைல்ஸ் வேலை வேகமாக நடந்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த 4-க்கு 2 கற்கள். தடியால் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி வந்ததைப் பெயர்த்துத் திரும்ப ஒட்டச் சொன்னேன். பதினாறு கல். டைல்ஸ்காரர் முகம் சுளித்தார், பிறகு அவரே தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். குளியலறையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கல் ஒட்டும் முன்பே ஓட்டையை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழே கசிவில்லை என்று பார்த்தோம். கதவு 3 அடி அகலம். படத்தில் இரண்டரை அடிதான் போட்டிருந்தது. நாளைக்கு எனக்குச் சக்கர நாற்காலி வந்தால் இரண்டரையில் நுழையாது என்று சொன்னபோது மகள் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, மூணு" என்றாள். படுக்கையிலிருந்து அந்தக் கதவுக்கு ஒன்பது எட்டு. அளந்திருக்கிறேன்.

*

டிசம்பர் தொடக்கத்தில் பிளைவுட் வந்து இறங்கியது. எட்டுக்கு நாலு அளவில் 42 பலகை, கூடத்தில் அடுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஐ.எஸ். 710 முத்திரை. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் ஒட்டு விடாத ரகத்துக்குத்தான் அந்த எண். ஈரம் படாத இடத்துக்கு ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். என்று ஒரு ரகம் உண்டு, விலை குறைவு. அது படுக்கையறை அலமாரிக்கு ஆகும், தொட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது.

டிசம்பர் 17, 18. அந்த மழையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி இரண்டு கரையையும் விட்டு எழுந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தரைமட்டம் உயர்த்திக் கட்டியிருந்ததால் வீட்டுக்குள் ஒரு சாண்தான் ஏறியது. மூன்றாம் நாள் போய்க் கதவைத் திறந்தபோது சேறும் சாக்கடை நாற்றமும். அடுக்கின் கீழே இருந்த ஆறு பலகை நனைந்து ஊறியிருந்தது.

ஒரு வாரம் காயவைத்தோம். ஆறில் இரண்டு அப்படியே நின்றன. நான்கின் ஓரம் அப்பளம் பொரிந்ததுபோல் உப்பிவிட்டது. முத்திரை ஆறிலும் ஒன்றுதான்.

தச்சு வேலைக்கு வந்திருந்தவன் உத்தரப் பிரதேசத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். நாலு வருடமாக நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் வேலை. தமிழ் பேசுவான், நாஞ்சில் நாட்டு இழுவையோடு. நகத்தால் ஓரத்தை நெம்பினான். ஒரு ஏடு தனியாக உரிந்து வந்தது. "அம்மா, இது 710 இல்ல. சீல் மட்டும் 710" என்றான்.

36 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் அதோடு விடுவேனா? எல்லாப் பலகையிலும் மூலையிலிருந்து தீப்பெட்டி அளவு துண்டு அறுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் எண் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். 72 மணி நேரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. நாலு மணி நேரத்தில் பதினொரு துண்டுகள் பனையோலை பிரிந்ததுபோல் ஏடு ஏடாகப் பிரிந்தன. மற்ற 31 துண்டும் கடப்பைக் கல்போல் கிடந்தன. அந்தப் பதினொன்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். முதலில் வெள்ளத்தைக் குறை சொன்னார். வெள்ளம் ஏறாத மேல் பலகைகளின் துண்டுகளும் இதில் இருக்கின்றன என்று எண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பதினொன்றையும் மாற்றித் தந்தார்.

எங்கள் ஊர் வீட்டில் 1992 நவம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. ஆசாரி வைத்த தேக்கு நிலை ஒரு நூல் அளவுகூட உப்பவில்லை. கதவு முன்புபோலவே சத்தமில்லாமல் சாத்தியது. அப்போது மரத்தின் மேல் முத்திரை கிடையாது. மரத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அறுத்தவரும் பொருத்தியவரும் ஒரே ஆள், அடுத்த தெருவில் குடியிருப்பவர். கோளாறு வந்தால் கோயிலில் முகத்தில் முழிக்க வேண்டும். இப்போது மரம் ஒரு மாநிலம், பசை ஒரு மாநிலம், அறுப்பவர் ஒரு ஊர், விற்பவர் ஒரு ஊர். பிழை எங்கே நடந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் நகம் வைத்த இடத்தில் தெரிந்தது.

*

அடுக்களைப் படத்தை இன்டீரியர் வரைகிற பெண் கணினியில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நிஜ வீடுபோலவே இருந்தது. ஜன்னலில் வெயில்கூட விழுந்தது. மேடை உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

"34 இன்ச் மேடம்."

"யாரை அளந்து?"

அவள் திகைத்தாள். "ஸ்டாண்டர்டு மேடம். எல்லா வீட்டுக்கும் இதான்."

கணக்கை அவளே விளக்கினாள், பொறுமையான பெண். பெட்டியின் உயரம் 720 மில்லிமீட்டர், பட்டறையில் அப்படித்தான் வரும். கீழே கால் 100. மேலே பலகையும் கிரானைட்டும் சேர்த்து 36. மொத்தம் 856. அதுதான் 34 அங்குலம். ஆக, 1989-இல் சிலிண்டரை அளந்தார்கள், 2024-இல் பெட்டியை அளக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு என் அம்மாவைத் தெரியாது.

முழங்கையை மடக்கினால் அது நிற்கும் உயரத்துக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால்தான் தோளுக்கு வலியில்லை. மகள் 5 அடி 4. அவளுக்கு 34 சரியாக வரும். நான் 4 அடி 11. எனக்கு 32-க்கு மேல் ஆகாது. "நீ எங்கம்மா சமைக்கப்போற, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள் மகள். அன்போடுதான் சொன்னாள். ஆனால் எனக்கு ரசம் வைக்கத் தெரியும், அது என் கையால் வைக்கப்பட வேண்டும், உட்கார்ந்து சாப்பிட மட்டும் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை என்று சொன்னேன். இருவரும் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "அடுப்பு உன் உயரம், தொட்டி என் உயரம். சரியா?" அடுப்படி தாழ்ந்தும் பாத்திரம் கழுவும் இடம் உயர்ந்தும் இருப்பதுதான் உடம்புக்கும் நல்லது. அடுப்பில் பாத்திரத்தின் உயரம் மேலே ஏறும், தொட்டியில் கை கீழே இறங்கும்.

பட்டறையில் 720-ஐக் குறைக்க முடியாது என்றார்கள். அச்சு அப்படி. அந்த ஒரு பெட்டியை மட்டும் இங்கேயே செய்கிறேன் என்றான் தச்சுப் பையன். பட்டியலில் 50 மில்லிமீட்டர் குறைத்து எழுதிக்கொடுத்திருந்தேன். அவன் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, இங்க வாங்க. செருப்பு கழட்டுங்க. கைய மடக்குங்க."

சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மடக்கினேன். முழங்கைக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு போட்டான். பிறகு ஒரு காலிப் பெயிண்ட் வாளியை எடுத்துவந்து, அதன்மேல் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, என் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தான். "கிண்டுங்க." கிண்டினேன். ஒரு துண்டை எடுத்தான். "இப்போ?" இன்னும் ஒன்றை எடுத்தான். தோள் தளர்ந்த இடத்தில் நானே நிறுத்தச் சொன்னேன். டேப்பை நீட்டினான். தரையிலிருந்து 31¾ அங்குலம். இரண்டாவது கோடு. அதற்குப் பக்கத்தில் அவன் ஊர் எழுத்தில் ஏதோ எழுதினான். என்ன என்று கேட்டேன். "அம்மா-ன்னு" என்றான். அந்தக் கோடும் எழுத்தும் இப்போது பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றன, யாரும் பார்க்க முடியாது.

பழைய வீட்டிலிருந்து சாமான் வந்தபோது மணையும் வந்தது. பலா மரம், மூன்று அங்குல உயரம். மேலே கொஞ்சம் கறுத்திருந்தது. நன்றாக இழைத்து வார்னிஷ் அடித்துத் தரட்டுமா என்று கேட்டான். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். நடுவில் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பள்ளம். குதிகால் அளவு. வலது பள்ளம் சற்று ஆழம். அவன் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். இழைக்கவில்லை. ஓரத்தில் சிலும்பியிருந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தான்.

2024 ஜூன் மாதம் பால் காய்ச்சினோம்.

ஐப்பசியில் ஒருநாள் அவனிடமிருந்து போன் வந்தது. நாகர்கோவிலில் வேறொரு வீடு, பின்னால் மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம். தொட்டிக்குப் பக்கத்து இழுப்பறை கீழே உரசுகிறது, அதைச் சொல்ல நானே கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மா, தோள் வலி இருக்கா?"

"இல்லப்பா."

"கிண்டும்போது?"

"கிண்டும்போதும் இல்ல."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினான். பிறகு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததும் இழுப்பறையைப் பார்க்க வருவதாகச் சொன்னான். இழுப்பறை உரசுவதை அவனுக்கு மகள் முன்பே சொல்லியிருக்கிறாள்.